படிப்பா, சம்பளமில்லாத வேலையா? ஆஸ்பத்திரி வார்டுகளில் நம் பிள்ளைகள்

“நர்ஸ் தொழில் புனிதமானது. சேவை மனப்பான்மை உள்ளவர்கள்தான் இதற்கு வர வேண்டும். படிக்கிற காலத்தில் கஷ்டநஷ்டம் பார்க்கலாமா?”

நர்ஸிங் கல்லூரிகளில் வருஷந்தோறும் நடக்கும் விளக்கேற்றும் விழாவில் இந்தப் பிரசங்கத்தைக் கேட்காதவர் இல்லை. பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசியவர் பேசி முடித்ததும் காரில் ஏறிப் போய்விடுகிறார். விளக்கைக் கையில் ஏந்தி நின்ற பெண்ணோ மறுநாள் விடியுமுன் எழுந்து, வெள்ளைச் சீருடையை மாட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி வார்டுக்கு ஓடுகிறாள். பொழுது முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறாள். அதற்குக் கூலி கிடையாது. சாப்பாடு கிடையாது. உட்கார நாற்காலி கிடையாது. அது மட்டுமா? தனியார் கல்லூரியில் படிப்பவளாக இருந்தால், அந்த வேலையைச் செய்வதற்கு அவளே பணம் கட்டியிருக்கிறாள்!

வேறு எந்தத் தொழிலில் இந்த அநியாயம் உண்டு? நாற்று நடப் போகிற பெண்ணிடம், “நட்டு முடித்துவிட்டு மிராசுதாருக்கு நீ பணம் கட்டிவிட்டுப் போ” என்று சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் நாற்று முடியை முகத்தில் எறிவாள். ஆனால் வெள்ளை உடுப்பும் ‘சேவை’ என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால், அதே அநியாயம் யார் கண்ணிலும் படுவதில்லை.

இது படித்தவர் வீட்டுப் பிரச்னை, பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன வந்தது என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். நர்ஸ் படிப்புக்கு யார் போகிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். லட்சாதிபதி வீட்டுப் பெண்ணா போகிறாள்? தறிக்காரர் மகள், கட்டட மேஸ்திரி மகள், ஆட்டோ ஓட்டுகிறவர் மகள், கூலி வேலைக்குப் போகும் தாயின் மகள். தோட்டை அடகு வைத்து, சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, படிப்பு முடிந்ததும் வேலை நிச்சயம் என்ற ஒரே நம்பிக்கையில் அனுப்புகிறோம். டாக்டர் படிப்புக்கும் இப்போது நம் பிள்ளைகள் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2020ல் வந்த பிறகு, கூலிக்காரர் வீட்டுப் பையன் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வார்டில் நிற்பதைக் காண்கிறோம். பெருமைதான். ஆனால் அவன் அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறான், எங்கே தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டோமா?

இன்னொன்றும் உண்டு. வார்டில் நிற்பவர்கள் நம் பிள்ளைகள் என்றால், கட்டிலில் படுத்திருப்பது யார்? அதுவும் நாம்தான். கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் தனி அறை எடுத்துப் படுக்கிறவருக்கு அனுபவசாலி டாக்டர் வருவார். அரசு ஆஸ்பத்திரியில் நடுராத்திரி இரண்டு மணிக்கு நம் கையில் ஊசி ஏற்றுவது, தூக்கமில்லாமல் கண் சிவந்த இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை.

வார்டில் நடப்பது என்ன?

நர்ஸ் படிப்பும் டாக்டர் படிப்பும் புத்தகத்தோடு முடிவதல்ல. நோயாளியின் பக்கத்தில் நின்று கற்றால்தான் கை பழகும். அதற்காகத்தான் ‘கிளினிகல் போஸ்டிங்’ என்று வார்டுக்கு அனுப்புகிறார்கள். இதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியை கூடவே நிற்க வேண்டும். அவர் செய்து காட்ட வேண்டும். மாணவி அவர் கண்ணெதிரே செய்து பழக வேண்டும். ஏட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறது.

நடப்பது வேறு. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் தலைகளை எண்ணுகிறார். “இன்றைக்கு ஸ்டூடண்ட் எத்தனை பேர்?” என்று கேட்டுக்கொண்டே வேலையைப் பங்கு போடுகிறார். அவர் மீது குற்றமில்லை. பொது வார்டில் ஆறு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது சர்க்கார் என்றைக்கோ போட்ட கணக்கு. முப்பது, நாற்பது கட்டிலை ஒரே நர்ஸ் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? ஆகவே முப்பது பேருக்கு டெம்பரேச்சர், முப்பது பேருக்கு பி.பி., படுக்கை விரிப்பு மாற்றுவது, பெட்பேன் எடுப்பது, சலைன் பாட்டில் தீர்ந்ததா என்று பார்ப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேக்குப் போவது, ரத்த சாம்பிளை லாபரட்டரிக்குக் கொண்டு ஓடுவது எல்லாம் மாணவிகள் தலையில் விழுகிறது. கற்றுக்கொடுக்க வேண்டிய ஆசிரியை ஐந்து வார்டுக்கு ஒருவர். கையெழுத்துப் போட மட்டும் வருகிறார். டூட்டி முடிந்து விடுதிக்குத் திரும்பினால் கேஸ் புக் எழுத வேண்டும். எழுதி முடித்துப் படுக்கும்போது நள்ளிரவு. மறுபடி விடியுமுன் எழ வேண்டும்.

பி.பி. பார்ப்பதும் பெட்பேன் எடுப்பதும் கேவலமான வேலை என்று நாம் சொல்லவில்லை. கையால் உழைக்கும் நமக்கு எந்த வேலையும் கேவலமல்ல. ஒரு வேலையைப் பத்து முறை செய்தால் அது படிப்பு. ஆயிரம் முறை செய்தால் அது உழைப்பு. அந்த உழைப்பு இல்லாவிட்டால் வார்டு நின்றுபோகும் என்றால், அது ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. இந்த வித்தியாசத்தைத்தான் ‘சேவை’ என்ற திரையைப் போட்டு மறைக்கிறார்கள்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லி, கிராமத்துப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஆலை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டத்தை’ நூற்பாலைத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களில் அந்தப் பெண்களுக்கு முதலாளிகள் வைத்த பெயர் என்ன? ‘அப்ரண்டிஸ்’! மெஷின் முன்னால் நின்று நூல் நூற்றவள் தொழிலாளி இல்லையாம், பயில்கிறவளாம். வார்டிலும் அதே கதைதான் நடக்கிறது.

பிட்டர் பையனுக்கு உள்ளதும் இல்லை

ஆலையில் பிட்டர் வேலை பழகும் பையனுக்காவது 1961ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது ஓட்டைச் சட்டம்தான். அவன் தொழிலாளியே அல்ல என்று அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும், அவனுக்கு மாத உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். 2019ல் திருத்திய விதிப்படி அது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும். அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. தொழிற்சாலைச் சட்டத்தில் சுகாதாரம், பாதுகாப்பு, நல வசதி பற்றிய அத்தியாயங்கள் அவனையும் தொழிலாளியைப் போலவே கருதிப் பொருந்தும் என்று அன்றே எழுதி வைத்தார்கள்.

அந்தத் தொழிற்சாலைச் சட்டம் 1948ல் வந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கான்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்விடமும் உட்கார்ந்து சாப்பிட அறையும், வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை என்று அது சொல்லியது. எத்தனை ஆலை கேட்டின் முன்னால் எத்தனை நாள் நின்று அவற்றை அமுலாக்க வைத்தோம் என்பது மூத்த தோழர்களுக்குத் தெரியும். (2025 நவம்பரில் அந்தச் சட்டத்தை ஒழித்துவிட்டுப் புதிய தொகுப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.)

நர்ஸ் மாணவிக்கு இதில் எது உண்டு? அவள் தொழிலாளியும் அல்ல, அப்ரண்டிஸும் அல்ல. ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. நஷ்ட ஈட்டுச் சட்டம் அவளைத் தொடாது. ஓய்வறை கேட்டால், “நீ இங்கே விருந்தாளி” என்கிறது ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியைப் பற்றிக் கல்லூரியிடம் புகார் சொன்னால், “அவர்கள் போஸ்டிங் கொடுப்பதே பெரிது, வாயை மூடிக்கொண்டு இரு” என்கிறது கல்லூரி. வேலை செய்யும்போது ஆஸ்பத்திரியின் ஆள். அடிபடும்போது யாருடைய ஆளும் அல்ல!

ஊசிக் குத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி கை தவறி மாணவியின் விரலில் குத்தினால், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்று கிருமிகளும் அந்த வழியாகத் தொற்றலாம். ஹெபடைடிஸ் பி வராமல் காக்க ஆறு மாதத்தில் மூன்று ஊசியாகப் போடும் தடுப்பு மருந்து இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது; 28 நாள் சாப்பிட வேண்டும். இவை அரிய மருந்துகள் அல்ல. வார்டுக்கு அனுப்புமுன் எல்லா மாணவருக்கும் மூன்று ஊசியும் போட்டாகிவிட்டதா என்று கேட்பது எந்த நிர்வாகத்துக்கும் முடியாத காரியமல்ல.

டெல்டாவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்யும் ஒரு தோழரின் மகளுக்கு மூன்றாம் வருஷப் படிப்பில் இப்படி ஊசி குத்திவிட்டது. “உன் கவனக்குறைவு, உன் செலவிலேயே டெஸ்ட் எடுத்துக்கொள்” என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் தோழியிடம் கடன் வாங்கி டெஸ்ட் எடுத்தாள். மூன்று மாதம் கழித்துத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. “ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று தகப்பனார் கேட்டார். “சொன்னா படிப்ப நிறுத்திருவீங்கன்னு பயந்துட்டேம்ப்பா” என்றாள். நல்ல வேளை, நோய் எதுவும் தொற்றவில்லை. ஆனால் அந்த மூன்று மாதம் அந்தப் பிள்ளை எப்படித் தூங்கியிருக்கும்?

லாபம் யாருக்கு?

யாருக்கும் லாபமில்லாமல் ஓர் அநியாயம் நிலைத்து நிற்காது. நர்ஸிங் கல்லூரி நடத்த 100 கட்டில் ஆஸ்பத்திரி சொந்தமாக வேண்டும் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் விதி வகுத்தது. நல்ல நோக்கத்தோடு வந்த விதிதான். முதலாளி அதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டான்: ஆஸ்பத்திரி நடத்த ஒரு நர்ஸிங் கல்லூரி வேண்டும்! கல்லூரி இருந்தால் வருஷத்துக்கு ஐம்பது, அறுபது பேர் புதிதாக வருகிறார்கள். ஒவ்வொருவரும் பீஸ் கட்டுகிறார்கள். கட்டிவிட்டு வார்டில் வேலையும் செய்கிறார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 50 கட்டிலுக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியில் கூட மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது; 200 கட்டிலுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றது அந்தக் கமிட்டி. மாணவியை வைத்து இலவசமாக வேலை வாங்க முடியும்போது எந்த முதலாளி 20,000 கொடுத்து ஆள் வைப்பான்? ஆக, மாணவியின் கூலியில்லா உழைப்பு, படிப்பை முடித்து வெளியே வந்த அவள் அக்காவின் வேலையைப் பறிக்கிறது. அக்காவின் கூலியையும் தாழ்த்துகிறது. நேற்று மாணவியாக இலவசமாக உழைத்தவளே நாளைக்கு வேலை தேடிப் போகும்போது, அவள் இடத்தில் இன்னொரு மாணவி இலவசமாக நிற்பாள்.

தனியார் முதலாளியை மட்டும் சொல்லிவிட்டு சர்க்காரை விட்டுவிடலாமா? தமிழ்நாட்டில் 2015ல் ஒப்பந்த முறையில் எடுத்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் அப்படியொரு கூட்டம் இருப்பதே நாட்டுக்குத் தெரிந்தது. நிரந்தர வேலையிடத்தை நிரப்பாமல், ஒப்பந்தக்காரர்களையும் மாணவர்களையும் ஹவுஸ் சர்ஜன்களையும் வைத்தே ஆஸ்பத்திரியை ஓட்டிவிடலாம் என்ற கணக்கு சர்க்காருக்கும் உண்டு.

கொரோனா காலத்தில் இந்தக் கணக்கு பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2021 மே மாதத்தில், பரீட்சை எழுதக் காத்திருந்த கடைசி வருஷ நர்ஸிங் மாணவர்களை முழுநேரக் கொரோனா வேலைக்குப் போடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஹவுஸ் சர்ஜன்களையும் இறக்கியது. பிள்ளைகள் பின்வாங்கவில்லை. முழுக் கவச உடைக்குள் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள். நாட்டுக்கு ஆபத்து வந்தபோது அவர்கள் ‘முன்களப் பணியாளர்கள்’. ஆபத்து நீங்கிய பின் மறுபடி ‘ஸ்டூடண்ட்’!

தூக்கத்தைத் திருடுகிறவர்கள்

இளம் டாக்டர்கள் கதை இன்னும் மோசம். ஹவுஸ் சர்ஜனும் மேல்படிப்பு படிக்கும் டாக்டரும் ஒரே மூச்சில் 24 மணி, 36 மணி நேரம் டூட்டி பார்ப்பது இங்கே சகஜமாகிவிட்டது. “நாங்கள் படித்த காலத்தில் இதைவிட அதிகம் பார்த்தோம்” என்று மூத்த டாக்டர்கள் மீசை முறுக்குகிறார்கள். மாமியார் கொடுமை அனுபவித்தவள் மருமகளிடம் பேசும் பேச்சு இது.

தூக்கமில்லாத டாக்டரால் சாவது யார் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1984ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காய்ச்சலோடு சேர்ந்த 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சியிலிருந்த டாக்டர்கள். நெடுநேர டூட்டி, பல நோயாளிகள். பெண்ணின் தகப்பனார் பத்திரிகைக்காரர். அவர் விடவில்லை. விசாரணை நடந்தது, கமிட்டி உட்கார்ந்தது. 1989ல் நியூயார்க் மாநிலம், பயிற்சி டாக்டருக்கு வாரம் 80 மணிக்கு மேலும் தொடர்ந்து 24 மணிக்கு மேலும் வேலை கூடாது என்று விதி செய்தது. அந்த 80 மணியே கொடுமை என்பது வேறு விஷயம். பிறகு 2004ல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை வார்டுகளில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். 24 மணிக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கும் பழைய முறையில், நேரத்தைக் குறைத்த முறையைவிட, பயிற்சி டாக்டர்கள் செய்த கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகமாக இருந்தன. மூன்றாவது ஷிப்டில் தூங்கி விழுந்தால் விரல் போகும் என்பது நூற்பாலைத் தொழிலாளிக்குத் தெரியும். வார்டில் தூங்கி விழுந்தால் அடுத்தவர் உயிர் போகும்.

நம் நாட்டில் விதியே இல்லையா? இருக்கிறது! மேல்படிப்பு டாக்டர்கள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் இல்லை, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று மத்திய அரசு 1992லேயே உத்தரவு போட்டது. அந்தக் காகிதம் எந்த அலமாரியில் உறங்குகிறதோ தெரியாது, டாக்டர்தான் உறங்கவில்லை. 2024ல் தேசிய மருத்துவ கமிஷன் நியமித்த குழு மாணவர்களின் மனநலம் பற்றி நாடு முழுவதும் கேட்டு அறிக்கை தந்தது. பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவரில் நூற்றுக்கு 28 பேர் தங்களுக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். மேல்படிப்பு மாணவரில் நூற்றுக்கு 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வார விடுமுறை இல்லை. ஏறக்குறைய 45 சதவீதம் பேர் வாரம் 60 மணிக்கு மேல் வேலை செய்கிறார்கள். இத்தனையும் கண்டுபிடித்த குழு சிபாரிசு செய்த உச்ச வரம்பு எவ்வளவு தெரியுமா? வாரம் 74 மணி! 1992ல் 48 என்றவர்கள், முப்பத்திரண்டு வருஷம் முன்னேறி 74க்கு வந்திருக்கிறார்கள்!

கல்லூரி நிர்வாகங்கள் இந்த மாதிரி அறிக்கை வந்ததும் என்ன செய்கின்றன? யோகா வகுப்பு வைக்கின்றன. ‘மன அழுத்தத்தை வெல்வது எப்படி’ என்று ஒருவரைக் கூட்டிவந்து பேச வைக்கின்றன. அதுவும் எப்போது? நைட் டூட்டி முடிந்து வந்த பிள்ளை தூங்க வேண்டிய நேரத்தில்! வராவிட்டால் அட்டெண்டன்ஸ் போய்விடும். மனநல டாக்டரின் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும்; ரகசியமாகவும் இலவசமாகவும் கிடைக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் பசித்தவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது வைத்தியமா?

கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் 2024 ஆகஸ்ட் 9ந் தேதி நடந்ததை நாடு மறக்கவில்லை. மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த 31 வயதுப் பெண் டாக்டர், நெடுநேர டூட்டிக்கு நடுவே கண் அயர இடமில்லாமல் செமினார் அறையில் போய்ப் படுத்தார். அங்கேயே கற்பழித்துக் கொல்லப்பட்டார். குற்றவாளிக்கு 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் ஓர் ஓய்வறையும் உள்ளே தாழ்ப்பாளும் இல்லாமல் வைத்திருந்த ஏற்பாட்டுக்கு என்ன தண்டனை? இந்த வழக்கைத் தானே எடுத்து விசாரித்த சுப்ரீம் கோர்ட், 36 மணி நேர டூட்டி, ஓய்வறை இல்லாமை, கழிப்பறை இல்லாமை, ராத்திரியில் விடுதிக்குப் போக வண்டியில்லாமை எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி ஒரு தேசியக் குழுவையும் அமைத்தது. உங்கள் ஊர் ஜில்லா ஆஸ்பத்திரியில் மாணவிகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பார்க்கலாம். அதற்கு சுப்ரீம் கோர்ட் வேண்டாம்.

பிற நாடுகளில்

“உலகமெங்கும் இப்படித்தான்” என்பது அவர்களுடைய கடைசி ஆயுதம். உலகமெங்கும் போராட்டமும் நடக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இங்கிலாந்தில் நர்ஸ் மாணவிக்குச் சர்க்காரே பீஸ் கட்டி உபகாரச் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருந்தது. 2,300 மணி நேரம் வார்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி இருப்பதால், வேறு வேலைக்குப் போய்ப் பிழைக்க அவர்களுக்கு நேரமில்லை என்பதுதான் அதன் நியாயம். 2017 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு அதை வெட்டிவிட்டு, கடன் வாங்கிப் படி என்றார்கள். படிக்க மனுப் போடுகிறவர்கள் எண்ணிக்கை சரிந்தது. 2020ல் வருஷத்துக்கு 5,000 பவுன் உதவித்தொகையை மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே 2020ல் கொரோனா தாக்கியபோது வார்டுக்கு வந்த மாணவர்களுக்குச் சம்பளமே கொடுத்தார்கள். அலை தணிந்ததும் நிறுத்தினார்கள். கொடுக்க முடியாது என்பதல்ல, கொடுக்க மனமில்லை என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

ஆஸ்திரேலியாவில் மாணவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: ‘பயிற்சி வறுமை’. வார்டில் சம்பளமில்லாமல் நிற்கும் வாரங்களில் கடை வேலை, ஓட்டல் வேலை போய்விடுகிறது. வீட்டு வாடகை நிற்கிறது. பாதியில் படிப்பை விட வேண்டியிருக்கிறது என்று ஊர் ஊராகக் கிளர்ச்சி செய்தார்கள். 2025 ஜூலை 1 முதல் நர்ஸ், மகப்பேறு, ஆசிரியர், சமூகப்பணி மாணவர்களுக்குப் பயிற்சி வாரங்களில் வாரம் சுமார் 330 டாலர் கொடுக்க அந்த சர்க்கார் ஒப்புக்கொண்டது. வருமானம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பிசியோதெரப்பி மாணவருக்கும் டாக்டர் மாணவருக்கும் இன்னும் இல்லை. அரைகுறைதான். ஆனாலும் பயிற்சி நாள் என்பது பட்டினி நாளாக இருக்கக் கூடாது என்பதைச் சட்டத்தில் ஏற வைத்துவிட்டார்கள்.

கூலி கேட்டால் போதுமா?

இங்கே தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “மாணவிக்கு ஏதோ ஒரு தொகையைக் கொடு” என்று மட்டும் கேட்டால், முதலாளி சந்தோஷமாக இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்துவிட்டு, “இனி நீ கூலிக்காரி” என்று இரண்டு மடங்கு வேலை வாங்குவான். நர்ஸ் கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு ஆள் கிடைத்த கதையாகிவிடும். மாணவி வார்டுக்கு வருவது கற்க. ஆகவே வார்டு நடக்க வேண்டிய நர்ஸ் கணக்கில் மாணவியைச் சேர்க்கவே கூடாது. மாணவிகள் எல்லோரும் ஒரு நாள் வராவிட்டாலும் வார்டு தடையில்லாமல் நடக்க வேண்டும். அதற்குக் காலியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். கூடவே, வார்டில் நிற்கும் நாட்களுக்குப் பஸ் செலவு, ஒரு வேளைச் சோறு, மாத உதவித்தொகை, தடுப்பூசி, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவில் வைத்தியம், நைட் டூட்டிக்கு மறுநாள் விடுப்பு, பூட்டக்கூடிய ஓய்வறை, இவற்றைக் கொடுத்தாக வேண்டும். மாதவிலக்கு நாளில் துணி மாற்ற ஓர் இடம் கேட்பதற்குக் கூட அந்தப் பெண்கள் கூசுகிறார்கள். நாம் ஏன் அவர்களுக்காகக் கேட்கக் கூடாது?

புகார் சொன்னால் இண்டர்னல் மார்க்கைக் குறைப்பது என்ற சவுக்கு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதனால்தான் மாணவிகள் பேசுவதில்லை. சங்கம் வைக்கும் உரிமை இல்லாதவர்களுக்காக, சங்கம் வைத்திருப்பவர்கள் பேச வேண்டும். நர்ஸ்களின் சங்கங்கள் இதை முதலில் எடுக்க வேண்டும். “ஸ்டூடண்ட் வந்தால் நமக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம்” என்று நினைக்கிற மூத்த நர்ஸ்களிடம் நாம் சினேகமாகவே சொல்லலாம்: அந்தப் பெண்ணின் இலவச உழைப்புதான் உங்கள் வார்டுக்கு வர வேண்டிய இன்னொரு நர்ஸை வரவிடாமல் தடுக்கிறது.

நம் வீட்டு ஆண்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, டாக்டர் வரத் தாமதமானால் எதிரே நிற்கும் மாணவி மேல் பாய்கிறோம். ஹவுஸ் சர்ஜனின் சட்டையைப் பிடிக்கிறோம். மருந்து இல்லாததற்கும் கட்டில் இல்லாததற்கும் அந்தப் பிள்ளையா பொறுப்பு? ஸ்டோரில் பஞ்சு இல்லையென்றால் ஸ்பின்னிங் தொழிலாளியை அடிப்போமா? டீனிடமும் கலெக்டரிடமும் கேட்க வேண்டியதை, பதில் சொல்ல அதிகாரமில்லாத இருபது வயதுப் பெண்ணிடம் கேட்பது வீரமல்ல.

இந்த வருஷம் பிள்ளையை நர்ஸிங்கில் சேர்க்கப் போகும் தோழர்கள் பணம் கட்டுமுன் சில விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், விடுதியிலிருந்து எவ்வளவு தூரம், வண்டி யார் செலவு? கிளினிகல் பீஸ் என்று தனியாக வாங்குவார்களா, எவ்வளவு? ஹெபடைடிஸ் பி ஊசி வார்டுக்குப் போகுமுன் போடுவார்களா? ஊசி குத்தினால் செலவு யாருடையது? நைட் டூட்டி எந்த வருஷத்தில், மாதம் எத்தனை நாள், கூட ஆசிரியை இருப்பாரா? படிப்பு முடிந்ததும் அதே ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை செய்ய வேண்டும் என்று பாண்டு எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த முறை கூடாதென்று நர்ஸிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மறுத்தால் தேதி போட்டு, முத்திரை வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வந்து சொல்லுங்கள்.